ஏஐ ப்ராம்ப்ட் பயிற்சி: மாதிரி கொடுத்தால் ஆசிரியர்கள் அப்படியே நகலெடுக்கிறார்கள், என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த் ஆசிரியை
வணக்கம். மலேசியாவில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் சக ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ப்ராம்ப்ட், அதாவது ஏஐக்கு நாம் தட்டச்சு செய்யும் கட்டளை, நல்லதாகச் சிலவற்றைப் பார்த்து ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். எல்லாரும் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு அதையே தட்டுகிறார்கள். ஆண்டு 3 கணிதத்துக்குப் பயிற்சி கேட்டால் நம் ரிங்கிட்டில் இல்லாமல் ரூபாயில் கணக்கு வருகிறது. வாக்கியமும் நம் பிள்ளைகள் ஒரு மூச்சில் வாசிக்க முடியாத நீளம். "இதற்கு நானே எழுதிவிடலாமே டீச்சர்" என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாதிரி காட்டித்தான் கற்பிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, எப்படிக் காட்டுவது?

பிறை கணித ஆசிரியர்
வணக்கம் டீச்சர். ப்ராம்ப்ட்டுக்கு மாதிரி கொடுப்பது வேறு, ப்ராம்ப்ட்டுக்குள் மாதிரி வைப்பது வேறு. உங்கள் ஆசிரியர்களுக்குத் தேவை இரண்டாவது. அந்த வேலைக்கென்று தனிப் பயிற்சி தராமல், கேள்வியோடு சில எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தாலே ஏஐ அதைப் பார்த்துப் பின்பற்றும் என்பது 2020இல் ஜிபிடி-3 என்ற ஏஐ பற்றிய ஆய்வுக் கட்டுரையிலேயே காட்டப்பட்ட விஷயம்.

அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஆளுக்கொரு பழைய பயிற்சித்தாள் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்களே தயாரித்ததாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கணக்கை எடுத்து இப்படி எழுதலாம்:

"ஆண்டு 3, பணம். கீழே உள்ளதைப் போல 5 பிரச்சனைக் கணக்குகள் எழுது. விலை ரிங்கிட்டில் (ரி.ம.). ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். மாதிரி: மாலதி ரி.ம. 3.40க்கு நோட்டு வாங்கினாள். ரி.ம. 1.80க்குப் பென்சில் வாங்கினாள். ரி.ம. 10 கொடுத்தாள். மீதம் எவ்வளவு? விடை: ரி.ம. 4.80."

முதலில் மாதிரி இல்லாமல் ஒரு தடவை, பிறகு மாதிரியோடு ஒரு தடவை ஓடவிட்டு இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் காட்டுங்கள். நீங்கள் பேச வேண்டியதே இருக்காது.

பட்டர்வொர்த் ஆசிரியை
நன்றி ஐயா. ஓய்வு நேரத்தில் இரண்டு பேரோடு செய்து பார்த்தேன். ரிங்கிட் வந்தது, வாக்கியமும் சுருங்கியது. ஆனால் ஐந்து கணக்கிலும் யாரோ இரண்டு பொருள் வாங்கிப் பத்து ரிங்கிட் நீட்டுகிறார்கள்! பெயரும் விலையும்தான் மாறுகின்றன.

பிறை கணித ஆசிரியர்
ஒரு மாதிரி மட்டும் கொடுத்தால் அப்படித்தான் வரும். எது நடை, எது தற்செயல் என்று ஒன்றை மட்டும் வைத்து ஏஐயால் பிரித்துப் பார்க்க முடியாது. பத்து ரிங்கிட்டையும் விதியாக எடுத்துக்கொள்ளும். செய்முறை வேறுபடும் இன்னும் இரண்டைச் சேருங்கள்:

"ஒரு தோசை ரி.ம. 1.50. நான்கு தோசையும் ரி.ம. 2 தேநீரும் வாங்கினால் மொத்தம் எவ்வளவு? விடை: ரி.ம. 8."

"அலியிடம் ரி.ம. 20 இருந்தது. பந்து வாங்கியபின் ரி.ம. 6.50 மிஞ்சியது. பந்தின் விலை என்ன? விடை: ரி.ம. 13.50."

முதலாவதில் கூட்டிக் கழிக்க வேண்டும், இரண்டாவதில் பெருக்கிக் கூட்ட வேண்டும், மூன்றாவதில் விலையே தெரியாது. மாறக்கூடாத ரிங்கிட், குட்டி வாக்கியம், விடை வரி மூன்றிலும் அப்படியே இருக்கின்றன. எது மாறலாம், எது மாறக்கூடாது என்று ஆசிரியர்களையே பேசித் தீர்மானிக்க விடுங்கள். என்னைக் கேட்டால் பயிற்சியின் முக்கால் நேரத்தை இதற்கே கொடுக்கலாம். அப்புறம், வந்த விடைகளைக் கட்டாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கில் தவறு வரலாம்.

செந்தூல் தமிழாசிரியை
கணிதத்துக்கு இது சரி. தமிழ் மொழிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். லகர, ழகர, ளகரப் பயிற்சி கேட்டால் ஏஐ சில நேரம் இல்லாத சொல்லையும் உண்டாக்கிக் கொடுக்கும். "வலி, வழி, வளி" என்று மாதிரி காட்டி, ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் வைத்துத் தரச் சொன்னால் போலிச்சொல் சட்டென்று கண்ணில் படும். திருக்குறளை அதனிடம் கேட்கவே வேண்டாம். சீர் மாறிவிடலாம், பொருளும் வேறு குறளுடையதாக வந்துவிடலாம். பாடநூலில் இருப்பதைத் தட்டச்சு செய்து கொடுத்து, அதையொட்டிய சூழலை மட்டும் எழுதச் சொல்லுங்கள். செய்யுளும் மொழியணியும் முழுவதற்கும் இதே வழிதான்.

இன்னொன்று, மாணவர் கட்டுரையை மாதிரியாக ஒட்டும்போது பெயரையும் வகுப்பையும் நீக்கிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பட்டர்வொர்த் ஆசிரியை
மிக்க நன்றி அம்மா. கடைசியாக ஒன்று. வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலை (1 தொடக்கம், 6 உயர்வு) இருக்கிறதே, பின்தங்கிய பிள்ளைகளுக்கு எளிதாக வேண்டும் என்றால் "எளிதாக எழுது" என்பது போதுமா?

செந்தூல் தமிழாசிரியை
போதாது. எளிது என்றால் என்னவென்று அதற்கு நம் வகுப்பு தெரியாதே. ஒரே கருத்துணர்தல் பத்தியை அடைவுநிலை 2 பிள்ளைக்கு நீங்கள் எப்படி எழுதுவீர்கள், 5க்கு எப்படி எழுதுவீர்கள் என்று இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். அதன்பின் புதுப் பத்தியைக் கொடுத்து, "இதையும் இவ்வாறே இரண்டாக்கு" என்று கேளுங்கள். அந்த இரண்டு பத்தியை உங்கள் மூத்த ஆசிரியர்களிடமே எழுதக் கேளுங்கள் டீச்சர். பிள்ளை எங்கே தடுமாறும் என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.