முனியாண்டிக்கு தோல் வியாதி, மாத்திரை போட விடமாட்டேங்குது, என்னா செய்யலாம்?

லயத்துவீடு:
வணக்கம். நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். எங்க பூனை பேரு முனியாண்டி, கோயிலுக்குப் பின்னால பொறந்து வளந்தது, சோறு வச்சா வரும் தொட்டா பிராண்டிடும், அம்மாவ மட்டும்தான் கிட்ட சேக்கும், அதுவும் தலைய தடவுற வரைக்கும்தான். மொதல்ல காது ஓரத்துல மஞ்சளா பொருக்கு வந்துச்சு, அப்புறம் மூக்கு மேல, பிறகு நகத்துக்கு அடியில கெட்டியா சீழ், பாதம் வெடிச்சு நொண்டுது. பக்கத்துல எல்லாரும் குராப்புன்னாங்க, அதான் சொறி. ஈப்போவுல ஒரு கிளினிக்ல மயக்கம் குடுத்து தோல வெட்டி டெஸ்டுக்கு அனுப்புனாங்க, பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ்னு வந்திருக்கு. குடுத்தது பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்ட், 5 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்றரை (4 கிலோ எடை). பாதி நாளு உள்ள போகுது, பாதி நாளு அலமாரிக்குப் பின்னால துப்பி வச்சிருக்கு. அம்மா வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுனா போதும்ங்கிறாங்க. கடைக்காரரு ஊசி ஒண்ணு இருக்கு மாசம் ஒருதரம் போட்டா முடிஞ்சதுன்னாரு. யாராச்சும் இந்த வியாதிய பாத்திருக்கீங்களா?

கெம்போங்மீன்:
பாத்திருக்கேன் மா, எங்க பொம்பளப் பூனைக்கு இதே வியாதிதான், இன்னும் இருக்கு, ஆனா நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கா. பிரெட்னிசோலோன் கடும் கசப்பு, ஒருதரம் நாக்குல பட்டுச்சுன்னா அடுத்த நாளு உங்க கையப் பாத்தாலே ஓடும், அதனால தூளாக்கி சாப்பாட்டுல கலக்காதீங்க, சாப்பாட்டையும் சேத்து வெறுத்துடும். ஃபார்மசில காலி ஜெலட்டின் கேப்சூல் விக்கிறாங்க, சின்ன சைஸ் கேளுங்க, மாத்திரைய உடைச்சு அதுக்குள்ள போட்டு வெளியில பட்டர் தேச்சுடுங்க. காலையில பசியோட இருக்கும்போது அவிச்ச கெம்போங் மீன முள்ளெடுத்து மசிச்சு மூணு உருண்டை புடிங்க, மொத உருண்டை வெறும் மீன், ரெண்டாவதுல மருந்து, மூணாவத அது கண்ணு முன்னாடியே புடிச்சுக்கிட்டு இருங்க, அத புடுங்குற அவசரத்துல ரெண்டாவத மெல்லாம முழுங்கிடும். தெரத்திப் புடிக்கவே புடிக்காதீங்க. எல்லாம் ஒரே எடத்துல, அம்மா கையால நடக்கட்டும். முழுங்குனதும் கொஞ்சம் மீன் அவிச்ச தண்ணி குடுங்க, தொண்டையில ஒட்டாம எறங்கும், உப்பு போடாம அவிங்க.

வேப்பெண்ணெய் வேணாம் சொல்லுங்க. பூனை நக்காம இருக்காது, உள்ள போனா வாந்தி, எச்சி, நடுக்கம்னு வேற வம்பு. டீ ட்ரீ ஆயில் அத விட மோசம். பொருக்கையும் நோண்டி எடுக்காதீங்க, தானா விழும்.

ஸ்டோர்கிரானி:
தோட்டத்துப் பூனைக்கு இவ்ளோ செலவா. எங்க காலத்துல சாம்பலத் தடவி விட்ருவோம்.

கெம்போங்மீன்:
அண்ணே, உங்க காலத்துல அந்தப் பூனை அப்புறம் என்னா ஆச்சுன்னு யாரும் தேடிப் பாக்கல.

வெள்ளைக்கோட்டு:
நான் கால்நடை கிளினிக்ல வேலை செய்யுறேன், டாக்டர் இல்ல, அதனால இதையெல்லாம் உங்க டாக்டர்கிட்ட வச்சுப் பேசுங்க.

ரிப்போர்ட்ல பூஞ்சை இல்லைன்னு இருக்கான்னு மொதல்ல கேளுங்க. நம்ம நாட்டுப் பூனைங்களுக்கு ஸ்போரோட்ரிக்கோசிஸ்னு ஒண்ணு வருது, மூக்கு, காது, கால்ல ஆறாத புண்ணு, மனுசனுக்கும் பிராண்டுனா தொத்தும். அதுக்கு ஸ்டீராய்ட் குடுத்தா இன்னும் பரவும். பெம்ஃபிகஸ் வேற கதை, தோல் செல்லுங்கள ஒட்டி வைக்கிற பசைய உடம்போட எதிர்ப்பு சக்தியே அறுத்துடுது, தோலு பிரிஞ்சு கொப்புளமாகி ஒடஞ்சு பொருக்காகுது. யாருக்கும் தொத்தாது. ஆனாலும் பிராண்டுற பூனை, கையுறை போட்டுக்குங்க.

ஊசி விசயம். அது மெத்தில்பிரெட்னிசோலோன், வாரக்கணக்கா உடம்புல நிக்கும். அதான் நல்லது, அதான் கெட்டதும், ஏன்னா சர்க்கரை ஏறுனாலோ வெளிய தெரியாத இருதயக் கோளாறு இருந்து மூச்சு வாங்குனாலோ போட்டத திருப்பி எடுக்க முடியாது. மாத்திரைன்னா அளவ கொறச்சுக்கலாம். வேற வழியே இல்லாத பூனைக்கு டாக்டருங்க போடுறாங்கதான், ஆனா என்னைக் கேட்டா அது கடைசி. காதுல தடவுற ஜெல்லும் கேப்பீங்க, தைராய்டு மருந்துக்கு அது சரி, பிரெட்னிசோலோன் அப்படி சரியா உள்ள போகாது.

உங்க பூனை மாதிரி தொட விடாததுக்கு நான் கேக்கச் சொல்றது சைக்ளோஸ்போரின், எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து, பூனைக்குன்னே திரவமா இருக்கு, கிலோவுக்கு 7 மில்லிகிராம், முனியாண்டிக்கு 0.3 மில்லி கூட வராது, கொஞ்சூண்டு சாப்பாட்டுல கலந்து வச்சுடலாம், தொடவே வேணாம். விலைதான் கடிக்கும். மொதல்ல எஃப்ஐவி (பூனைக்கு வர்ற எய்ட்ஸ் மாதிரி வைரஸ்), லுக்கீமியா வைரஸ் டெஸ்ட் எடுப்பாங்க. பச்ச மீன், பச்ச கறி, எலி எதுவும் கூடாது, டோக்சோபிளாஸ்மா கிருமி அதுலேருந்து வந்து இந்த மருந்து சாப்பிடுற பூனைய சாச்சுடும். செம்பனைக்குள்ள எலிக்கு என்னா பஞ்சம், அதனால வீட்டுக்குள்ளயே வச்சுக்க முடியுமான்னு பாருங்க. யாராச்சும் அசாதியோப்ரின் குடுக்கச் சொன்னா வேணாம்னுடுங்க, நாய்க்கு குடுக்கிறது, பூனைக்கு எலும்பு மஜ்ஜையவே கெடுத்துடும்.

லயத்துவீடு:
ரொம்ப நன்றி. ரிப்போர்ட்ல பூஞ்சை இல்லைன்னுதான் போட்டிருக்கு, இப்பதான் எடுத்துப் பாத்தேன். கூண்டுல ஏத்துறதே ஒரு போர், அதுக்கு என்னா வழி? அப்புறம் பொருக்கு எல்லாம் விழுந்துட்டா மாத்திரைய நிறுத்திடலாமா? அம்மா கேக்குறாங்க.

வெள்ளைக்கோட்டு:
கூண்டுக்கு டாக்டர்கிட்ட கேபாபென்டின் கேளுங்க, கெளம்புறதுக்கு 2, 3 மணி நேரம் முன்னாடி சாப்பாட்டுல குடுத்தா கொஞ்சம் கெறக்கமா இருக்கும். மேல தெறக்கிற கூண்டு வாங்குங்க, துவாலையில சுத்தி மேலேருந்து எறக்கிடலாம், ரெண்டு நாளு முன்னாடியே வீட்டுல தெறந்து போட்டு அதுல சோறு வைங்க.

நிறுத்துறது கூடவே கூடாது, அம்மாகிட்ட அழுத்திச் சொல்லுங்க. புதுசா பொருக்கே வராம ஒரு 2 வாரம் போகணும், பிறகு டாக்டர் கால்வாசி கால்வாசியா கொறைப்பாரு, ஒவ்வொரு தடவையும் 2லேருந்து 4 வாரம் பாத்துட்டு. திடீர்னு விட்டா உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டும் இல்லாம சுருண்டு படுத்துடும், வியாதியும் திரும்பிடும். நெறைய பூனைக்கு கொஞ்சமாச்சும் ஆயுசு முழுக்க தேவைப்படும். தண்ணி குடிக்கிறதும் மூத்திரம் போறதும் ரொம்ப கூடுனா சர்க்கரை பாக்கச் சொல்லுங்க.

சைக்ளோஸ்போரின் ஆரம்பிச்சாலும் அது வேலை செய்ய 4லேருந்து 6 வாரம் ஆகும், அது வரைக்கும் ரெண்டும் சேத்துதான் குடுக்கச் சொல்லுவாங்க, அதனால மீன் உருண்டைய இப்பவே பழக்கிடுங்க.