ஆடியோ இன்டர்ஃபேஸுக்குத் தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களே, ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கங்களை வெள்ளிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு 'ஒலி அட்டை' என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். அட்டை கணினிக்குள் இருப்பது, இதுவோ யூஎஸ்பி கம்பியில் வெளியே கிடக்கும் பெட்டி என்கிறார். நியாயம்தான். "கணினியின் ஒலி அட்டைக்குப் பதிலாக இதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரியே வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

———

'ஒலி இடைமுகம்' போடுங்கள். இடைமுகம் நிலைத்துவிட்ட சொல். முடிந்தது.

———

> முடிந்தது.

எங்கே முடிந்தது ஐயா? இடையில் ஏது முகம்? அது செய்யும் வேலையைப் பாருங்கள். மைக்கிலிருந்து வரும் மில்லிவோல்ட் கணக்கான மின்னலையைப் பெருக்கி, நொடிக்கு 48,000 முறை அளந்து, எண்ணாக்கிக் கணினிக்குத் தருகிறது. திரும்பி வரும் எண்களை மின்னலையாக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது. ஒட்டாத இரண்டை ஒட்டவைப்பதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் உண்டு: உடம்படுமெய். மணி, அடித்தான் இரண்டுக்கும் நடுவில் வரும் ய் இரு சொல்லுக்கும் சொந்தமில்லை, ஆனால் அது இல்லாமல் புணர்ச்சி இல்லை. தவிர, உடம்படுதல் என்றால் இசைதல். இசைக்கான கருவிக்கு வேறென்ன வேண்டும்? 'ஒலியுடம்படுவி'.

———

அழகான சொல் ஐயா. ஆனால் உடம்புக்கு ஏதோ மருத்துவக் கருவி என்று நினைப்பார்கள். நான் மிருதங்கப் பிள்ளைகளுக்குப் பதிவு சொல்லித் தருகிறேன். அவர்களுக்கு அது 'கார்டு', அவ்வளவுதான். போன வாரம் கண்டென்சர் மைக் ஊமையாகக் கிடந்தது. 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும் பேசியது. அப்புறம், அந்தப் பொத்தான் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம், அதுதான் ஃபேண்டம் பவர், அதற்கும் தமிழ் வேண்டுமே?

———

பேய் மின்சாரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்! தனிக் கம்பி இல்லாமல் மைக் கம்பியிலேயே மறைந்து போவதால் 'மறைமின்னூட்டம்'.

———

மின்னூட்டம் இயற்பியல் பாடத்தில் வேறு பொருள். 'மறைமின் வழங்கல்' என்றாலாவது சரி. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து: நாங்கள் மைக்கை ஒலிவாங்கி என்றே எழுதுவோம். இதை 'ஒலியிணைப்பி' என்றால் விளங்கும்.

———

கனெக்டரும் இணைப்பிதானே? "ஒலிவாங்கியின் இணைப்பியை ஒலியிணைப்பியின் இணைப்பியில் இணைக்கவும்" என்று வரும், பரவாயில்லையா?

———

எல்லாருக்கும் நன்றி. இன்று வெள்ளி. 'வெளி ஒலியிடைமுகம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அமைப்புப் பட்டியலில் அகலம் போதாமல் 'வெளி ஒலியிடை…' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

———

ஒலிக்கும் இடைமுகத்துக்கும் நடுவில் ஒரு ய் போட்டீர்களே, அது என்னவாம்?