ஆறாவது படிக்கிற பொண்ணுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரல, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மஞ்சக்குப்பம் அப்பா:
வணக்கம், கடலூர்ல இருக்கோம். பொண்ணு 2020-ல ரெண்டாவது, கொரோனாவுல ஸ்கூலே இல்ல. அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப ஆறாவதுல இங்கிலீஷ் மீடியம் போட்டோம். தமிழ் பேப்பர் சரளமா படிப்பா. இங்கிலீஷ் பாடத்தயும் கடகடன்னு சொல்றா, ஆனா அதே வார்த்தைய வேற பேப்பர்ல எழுதிக் காட்டினா முழிக்கிறா, அப்பதான் புரிஞ்சுது அவ வாசிக்கவே இல்ல, எல்லாம் மனப்பாடம்னு. மிஸ்கிட்ட கேட்டா போர்ஷன் முடிக்கணும், வீட்ல பாத்துக்கங்கன்றாங்க. எனக்கும் இங்கிலீஷ் அவ்ளோ வராது. ட்யூஷன் போடவா, வீட்லயே ஏதாச்சும் செய்யலாமா?

நெல்லிக்குப்பம் டீச்சர் (ஓய்வு):
தம்பி, கவலப்படாதீங்க, தமிழ் படிக்கிற பொண்ணுக்கு இது வரும். சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் கத்துத் தர்ற கவர்மென்ட்டோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்தப்ப மூணாவது வரைக்கும்தான், உங்க பொண்ணு அப்ப நாலாவது, அவ செட்டுல நிறைய பேருக்கு இதே கததான். அவளுக்கு எழுத்தோட பேரு தெரியுது, சத்தம் தெரியல. தமிழ்ல ம, ர, ம் சேத்தா மரம். இங்கிலீஷ்ல சி, ஏ, டின்னு பேரச் சேத்தா கேட் வராதே. எழுத்து 26, சத்தம் சுமார் 44. மொத வாரம் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n), இந்த ஆறோட சத்தம் மட்டும் போதும், பின், டிப், நேப்னு அவளே சேத்துப் படிக்கட்டும். அப்புறம் கடைசில இ போட்டா பின் பைன் ஆகும், கிட் கைட் ஆகும்னு காட்டுங்க.

நம்ம பிள்ளைங்க எல்லாரும் தடுமாற எடம் ஒண்ணு இருக்கு. பம்பரம்னு சொல்லிப் பாருங்க, ரெண்டு ப-வும் வேற வேற சத்தம், ஆனா எழுத்து ஒண்ணுதான், எடத்த வச்சு வாய் தானா மாத்திக்குது. இங்கிலீஷ்ல அது ரெண்டு தனி எழுத்து, அதனாலதான் பன்னிக்கு எழுதுற பிக்கும் (pig) பெருசுக்கு எழுதுற பிக்கும் (big) குழம்புது. தொண்டையில கை வச்சு சொல்லச் சொல்லுங்க, பெருசுக்கு உள்ளதுல ஆரம்பமே அதிரும். க, ட-வுக்கும் இதேதான்.

முத்தியால்பேட்டை அம்மா:
அண்ணா, எங்க பாண்டியில கவர்மென்ட் ஸ்கூல் சிபிஎஸ்இ ஆனப்ப என் பையன் எட்டாவது, பரிட்சையில பாடத்துல இல்லாத பத்தி குடுத்து பதில் எழுதச் சொன்னாங்க, அப்படியே உக்காந்துட்டு வந்துட்டான். ரோமன் ரோலண்ட் லைப்ரரியிலேர்ந்து குட்டிப் பசங்க படக்கத புக் எடுத்துட்டு வந்தேன், இவ்ளோ சின்ன புக்கானு வெக்கப்பட்டு தொடவே மாட்டேன்னுட்டான். தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டுடான்னேன், உடனே வாசிச்சான். தெனம் ராத்திரி பதினஞ்சு நிமிஷம், ஒரு நாள் கூட விடல. வாசிக்கத் தெரியலன்றத விட அந்த வெக்கம்தான் அண்ணா பெரிய தடை.

திருப்பாதிரிப்புலியூர் ட்யூஷன்:
நான் பத்தாவதுக்கு எடுக்குறேன். கைடு கட்டுரைய உருப்போட்டுட்டு வந்து நடுவுல ஒரு வரி மறந்தா மொத்தமும் நிக்கிற பசங்கள வருஷா வருஷம் பாக்குறேன், மனசு தாங்கல. வாசிச்சு முடிச்சுட்டு எழுதலாம்னு தள்ளிப் போடாதீங்க, இப்பவே தெனம் மூணு வரி, அவ வாழ்க்கையிலேர்ந்தே. மொதல்ல தமிழ்ல சொல்லட்டும், "நான் பீச்சுக்குப் போனேன்". நமக்கு போனேன் கடைசில வருது, அங்க நான் முடிஞ்சதுமே வென்ட் வந்துடும். யாரு, என்ன செஞ்சா, எங்கன்னு மூணு சீட்டு எழுதி மாத்தி அடுக்கச் சொல்லுங்க. ஸ்பெல்லிங் தப்பா இருந்தா பரவால்ல, எல்லாத்தயும் செவப்புல சுழிக்காதீங்க, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு தப்ப மட்டும் திருத்துங்க.

நெல்லிக்குப்பம் டீச்சர் (ஓய்வு):
மூணு வரி நல்ல யோசனதான், ஆனா மொத ரெண்டு வாரம் சத்தத்துக்கு விட்டுருங்க, ரெண்டயும் ஒண்ணா ஏத்துனா பிள்ள மெரண்டுடும்.

மஞ்சக்குப்பம் அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்தே ஆறு எழுத்த சீட்டுல எழுதி வச்சோம். ஸ்பின்னு ஒரு வார்த்த, பாடத்துல கெடையாது, எழுத்து எழுத்தா சத்தம் சேத்து அவளே படிச்சா, "அப்பா இது நான் படிச்சதே இல்லப்பா"ன்னா. டீச்சரம்மா, அடுத்த ஆறு எழுத்து எதுன்னு சொல்லுங்க.