போன் பற்றறியை அளந்து பார்த்த ஆக்கள் உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவில் தம்பி:

அம்மாவின்ரை போன் இரவு முழுக்கச் சார்ஜிலை கிடக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் அறுபது வீதத்தைத் தாண்டியிராது. ரொறன்ரோவிலை இருந்து அக்கா இரவு ஏழு மணிக்குத்தான் எடுப்பா, அந்த நேரம் போன் நிண்டுபோயிருக்கும். அம்மாவுக்கு அந்த ஒரு அழைப்புத்தான் அண்டைய நாள். பஸ் ஸ்ராண்ட் பக்கம் ஒரு கடையிலை காட்டினன். போனைக் கையிலை வாங்கிப் பார்த்த உடனையே "பற்றறி முடிஞ்சுது அண்ணை, மாத்தத்தான் வேணும்" எண்டார்.

காசு குடுக்க முதல் ஒருக்கா அளந்து பார்ப்பம் எண்டு அக்குபற்றறி எண்ட சின்னச் செயலியை இறக்கினன். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளை பற்றறிக்குப் போற வாற மின்னோட்டத்தை அளக்கிற சில்லு ஒண்டு இருக்குது. செயலி அந்தக் கணக்கை வாசிச்சு எங்களுக்குக் காட்டுது, அவ்வளவுதான். அம்மா பாவிக்கிற வயரைக் குத்தினன். 210 மில்லி அம்பியர். அதே சார்ஜரிலை என்ரை வயரைக் குத்தினன். 1,480.

அம்மாவின்ரை வயரை எடுத்து வடிவாப் பார்த்தன். போனிலை குத்துற முனைக்குக் கிட்ட, கட்டில் காலுக்குக் கீழை நசுங்கின தடம். அதுக்கு மேலை கறுப்பு ரேப் சுத்தியிருந்தது. இரவு பத்து மணிக்கு இருபது வீதத்திலை போட்டு விடிய ஐஞ்சுக்குக் கழட்டினால் ஏழு மணித்தியாலம். 210ஐ ஏழால் பெருக்கினால் 1,470. பற்றறியின்ரை கொள்ளளவு 4,000 மில்லி அம்பியர்-மணி. அப்ப 37 வீதம்தான் ஏறும். கணக்கு அப்பிடியே பொருந்திச்சுது. வயர் மட்டும் மாத்தினன், பற்றறி அதே பற்றறிதான். இப்ப இரவு அக்காவோடை கதைச்சு முடியேக்கையும் நாற்பது வீதம் மிச்சம் இருக்கு.

சாவகச்சேரி ரீச்சர்:

நல்ல வேலை செய்தீங்கள் தம்பி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வயரை ஒப்பிடும்போது சார்ஜ் 30, 40 வீதத்தில் இருக்கும்போதே பாருங்கள். லித்தியம் பற்றறி நிறைய நிறைய, உள்ளே போகும் மின்னோட்டத்தைப் போனே குறைத்துவிடும். 90 வீதத்தில் 300 என்று காட்டினால் அது வயரின் பிழை இல்லை. நான் முதலில் அதைத் தெரியாமல் நல்ல வயர் ஒன்றைக் குப்பையில் போட்டேன்.

பற்றறியின் ஆரோக்கியம் என்று செயலி காட்டும் வீதத்தையும் ஒரு நாளில் நம்ப வேண்டாம். அது சார்ஜ் ஏறும் அளவை வைத்துப் போடும் மதிப்பீடு. இருபதிலிருந்து எண்பது வரை நீட்டாகப் போட்ட சார்ஜ் பல சேர்ந்த பிறகுதான் என் போனில் அந்த எண் ஆடாமல் நின்றது.

இணுவில்:

எங்கடை அப்பாவின்ரை கதை இது. 90களிலை யாழ்ப்பாணக் குடாநாட்டிலை கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். ரோர்ச் பற்றறி இறங்கினால் வெயிலிலை காயவைச்சு இன்னும் ரெண்டு நாள் இழுப்பினம். அந்தப் பழக்கம் அப்பாவின்ரை கையிலை அப்பிடியே இருக்கு. போனைச் சார்ஜிலை போட்டால் யன்னல் கட்டிலை, வெயில் விழுற இடத்திலைதான் வைப்பார். "சூடு பட்டால் நல்லாப் பிடிக்கும் மோனை."

சொல்லிச் சொல்லிப் பார்த்தன், கேட்கேல்லை. ஒரு நாள் செயலியைத் திறந்து அப்பாவின்ரை கையிலையே குடுத்தன். யன்னலிலை 46 பாகை. எடுத்து உள்ளை மேசையிலை வைச்சுக் கொஞ்ச நேரத்தாலை 34. பழைய உலர் பற்றறி வேறை, இது லித்தியம், சூட்டிலை கிடந்தால் இதின்ரை ஆயுள்தான் குறையும் எண்டு விளங்கப்படுத்தினன். கனநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் போன் சாமி அறைக்குப் பக்கத்திலை, நிழலிலை கிடந்தது.

நெடுந்தீவிலை படிப்பிக்கிறன்:

குறிகட்டுவானிலை படகு ஏறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். போனைத் தொடவே மாட்டன், பாக்குக்குள்ளைதான் கிடக்கும். இறங்கிப் பார்த்தால் ஆறு வீதம் குறைஞ்சிருக்கும். வீட்டிலை சும்மா கிடந்தால் மணிக்கு ஒரு வீதமும் இறங்காத போன். செயலியிலை திரை அணைஞ்சிருந்த நேரத்துக் கணக்கைப் பார்த்தாப் பிறகுதான் பிடிபட்டது. நடுக்கடலிலை சிக்னல் மெலிய, போன் ரவரைத் தேடித் தேடி இழுக்குது. இப்ப படகிலை ஏறின உடனை பிளைட் மோட். ஒரு வீதம்தான் குறையும்.

மானிப்பாய்:

எல்லாரும் எண்களைச் சொல்லுறீங்கள். நான் எண் காட்டாத ஒண்டைச் சொல்ல வேணும். என்ரை போனுக்குச் செயலி பற்றறியின்ரை ஆரோக்கியம் 86 வீதம் எண்டு காட்டினது, வெப்பநிலையும் சரி. ஆனால் மேசையிலை வைச்சுத் தட்டச்சுச் செய்யேக்கை போன் ஆடிச்சுது. மேசைதான் சமமில்லையாக்கும் எண்டு நினைச்சன். ஒரு வாரத்தாலை திரையின்ரை ஓரத்திலை நகம் போற இடைவெளி, இரவிலை அதுக்குள்ளாலை வெளிச்சம் கசியுது. பற்றறி வீங்கியிருந்தது. செயலி மின்னோட்டத்தையும் சூட்டையும் வாசிக்கும், வீக்கத்தை வாசிக்க அதுக்கு வழியில்லை.

தயவுசெய்து கிழமைக்கு ஒருக்கா உறையைக் கழட்டி, போனைக் கண்ணாடி மேசையிலை மல்லாக்க வைச்சு ஒரு மூலையை விரலாலை அமத்திப் பாருங்கோ. ஆடினால் சார்ஜ் போடாதேங்கோ. அமத்தி உள்ளை தள்ளப் பார்க்காதேங்கோ, ஊசியாலை குத்தவே வேண்டாம், தீப்பிடிக்கும். நிப்பாட்டி வைச்சிட்டுத் திருத்துற ஆளிட்டைக் கொண்டுபோங்கோ. எங்கடை வீட்டிலை அந்தப் போன் பிள்ளையின்ரை தலைமாட்டிலைதான் இரவிலை சார்ஜிலை கிடந்தது.

கொக்குவில் தம்பி:

மானிப்பாய் அண்ணை, இதை வாசிச்ச உடனை அம்மாவின்ரை போனின்ரை உறையைக் கழட்டிப் பார்த்தன். ஆடேல்லை. நன்றி.