பில்ஜ் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என்னிடம் 14 அடி பைபர் படகு இருக்கிறது, உப்புத் தண்ணீரில்தான் கட்டிக் கிடக்கும். அடியில் தேங்குவதை இறைக்க மணிக்கு 500 கேலன் என்று போட்ட 12 வோல்ட் பம்ப், கூடவே தண்ணீர் ஏறி மிதவையைத் தூக்கினால் பம்பைத் தானே ஓடவிடும் மிதவை சுவிட்ச். இரண்டு தொல்லை. சில நேரம் பம்ப் உர்ரென்று ஓடும், வெளியே சொட்டு வராது, ஓஸைத் தூக்கி உதறினால் திடீரென்று பீய்ச்சும். அதைவிட மோசம், இறைத்து முடித்து நின்ற ஒரு நிமிடத்தில் தானே மறுபடி ஓடும், நிற்கும், ஓடும், ராத்திரி முழுக்க இதே கதை, காலையில் போய்ப் பார்த்தால் பேட்டரி காலி. பம்ப் போய்விட்டதா? 1100 கேலனாக வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில் 1:
வாங்காதீர்கள், பொறுங்கள். இரண்டு தொல்லையும் ஓஸில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓஸ் வழியில் எங்காவது தொய்ந்து கீழே இறங்கி மறுபடி ஏறுகிறதா பாருங்கள். அந்தப் பள்ளத்தில் பழைய தண்ணீர் நின்றுவிடும், அதற்கும் பம்புக்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். இந்த வகைப் பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத்தான் தெரியும், காற்றைத் தள்ளத் தெரியாது, உள்ளே இருக்கும் விசிறி வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் உதறும்போது காற்று வெளியேறுகிறது, அதனால்தான் உடனே வருகிறது. பம்பிலிருந்து வெளிவாய் வரை ஓஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும், ஒரு இடத்திலும் இறங்கக் கூடாது.

அப்புறம் அந்த ஓடி நிற்கும் கதை. பம்ப் நின்றதும் ஓஸில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் திரும்ப உள்ளேதான் விழும். 19 மில்லிமீட்டர் ஓஸ் 2 மீட்டர் என்றால் அரை லிட்டருக்கு மேல். படகின் அடி ஒடுக்கமாக இருந்தால் அந்த அரை லிட்டரே மிதவையைத் தூக்கிவிடும். ஓஸின் நீளத்தைக் குறையுங்கள், மிதவை சுவிட்சை இரண்டு விரல் மேலே ஏற்றுங்கள்.

பதில் 2:
ஓஸில் ஒரு செக் வால்வு போட்டால் தண்ணீர் திரும்பாதே, சுலபமாக முடிந்துவிடும்.

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். முடி, மீன் செதில், நூல் ஏதாவது மாட்டினால் வால்வு திறக்காமல் நின்றுவிடும், அது தெரியவருவது படகில் தண்ணீர் ஏறிய நாளில்தான். திறந்தாலும் ஓட்டத்தைக் குறைக்கும், மேலே நிற்கும் தண்ணீரின் கனத்தால் பம்பில் காற்று சிக்கிக்கொள்வதும் கூடும். இன்னொன்று, வெளிவாய் எங்கே இருக்கிறது? ஆட்களும் வலையும் ஏறிய பிறகும் அது நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் பம்ப் நின்றதும் கடலே சைபன் ஆகி அதே ஓஸ் வழியாக உள்ளே வரும். அப்படி வந்து கட்டிய இடத்திலேயே மூழ்கிய படகுகள் உண்டு.

பதில் 3:
வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா? பம்ப் ஓடும்போது பம்பின் ஒயரிலேயே வைத்துப் பாருங்கள், பேட்டரி முனையில் பார்த்தால் போதாது. பேட்டரியில் 12.5 காட்டி பம்பில் 11க்குக் கீழே வந்தால் நடுவில் இணைப்பு கெட்டிருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய இடம் இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். 500 கேலன் என்றால் கிட்டத்தட்ட 1900 லிட்டர், ஆனால் அந்தக் கணக்கு ஓஸும் ஏற்றமும் இல்லாமல், முழு வோல்டேஜில் எடுத்தது. ஒரு மீட்டர் ஏற்றி, உள்ளே மடிப்பு மடிப்பான ஓஸில் விட்டால் பாதிதான் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். உள்பக்கம் வழவழப்பான ஓஸ் போடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இருக்கைப் பலகைக்கு அடியில் ஓஸ் ஒரு முழம் தொய்ந்து கிடந்தது. டேப்பைப் பிரித்தேன், உள்ளே செம்பு பச்சை பூத்து, விரலால் தொட்டதும் இரண்டு இழை பொடியாக உதிர்ந்தது. பம்பில் 10.4தான் இருந்தது. ஒயர் மாற்றி, சூடு காட்டினால் சுருங்கும், பசை உள்ள குழாய் போட்டு மூடிவிட்டேன். ஓஸையும் குட்டையாக்கி நேராக ஏற்றினேன், சுவிட்சையும் உயர்த்தியாயிற்று. இப்போது ஒரே மூச்சில் இறைத்து நிற்கிறது. ஆனால் தினமும் மூன்று நான்கு தடவை ஓடுகிறதே, இது சரியா?

பதில் 1:
சரியில்லை. மழை இல்லாத நாளிலும் ஓடுகிறது என்றால் எங்கோ கசிகிறது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், எண்ணெய் படிந்திருந்தால் மட்டும் வேண்டாம். உப்பு என்றால் கீழிருந்து வருகிறது. பம்பை நம்பி விட்டுவைக்காதீர்கள், நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், மணிக்கு 2500 லிட்டர் உள்ளே வரும், உங்கள் பம்ப் எந்தக் காலத்திலும் அதற்கு ஈடுகொடுக்காது.

படகைக் கரையேற்றி வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே ஒரு சாண் தண்ணீர் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம், கனம் தாங்காது. தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானைச் சுற்றியும் எஞ்சின் பலகையின் போல்ட்டுகளையும் முதலில் பாருங்கள்.

கேட்டவர்:
உப்புதான். ஊற்றி அரைமணி நேரம் படகுக்கு அடியில் குந்தியிருந்தேன். அடைப்பானின் பித்தளை வளையத்தைப் பிடித்திருக்கும் கீழ்த் திருகில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது, அடுத்தது வர நான்கு விநாடி. குளியலறை சிலிக்கான் இருக்கிறது, அதையே வைத்துவிடலாமா?

பதில் 3:
அது நீருக்கடியில் பிடித்து நிற்காது, அதன்மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது. படகுக்கான பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். வளையத்தைக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, துளைக்குள் ஈரம் இல்லாமல் காயவிட்டு, பிறகு பூசித் திருகுங்கள். டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் காயவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். பம்ப் சரியாகிவிட்டது என்று வாளியைக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், கயிறு கட்டி உள்ளேயே கிடக்கட்டும்.

கேட்டவர்:
வளையத்தைக் கழற்றிவிட்டேன். நான்கு திருகில் இரண்டுக்குப் பிடிமானமே இல்லை, துளை ஊறிப்போய் பைபருக்குள் இருக்கும் மரம் கறுத்திருக்கிறது. எபாக்சி ஊற்றி அடைத்து, காய்ந்ததும் புதிதாகத் துளை போடப் போகிறேன். அதுவரை படகு கரையில்தான்.