9ஆம் நாள் சீரத்தில் இன்டர்ஃபெரான் காமா ஏன் இல்லை? (எலி மலேரியா)

கேள்வி:
8 வார சி57பிளாக்/6 பெண் எலிகள். பிளாஸ்மோடியம் சபாடி ஏஎஸ் (எலி மலேரியா ஒட்டுண்ணி வகை), ஒட்டுண்ணியுள்ள சிவப்பணுக்கள் 10 லட்சம், வயிற்றறைக்குள் ஊசி. 9ஆம் நாள் ரத்தம் எடுத்து எலைசா (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) செய்ததில் ஆறு எலிகளில் ஒன்றில் மட்டும் இன்டர்ஃபெரான் காமா (நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைகைப் புரதம்) தெரிகிறது. ஸ்டாண்டர்டு கர்வ் (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) சரி. ஐஎல்-10 (இன்னொரு சைகைப் புரதம்) நன்றாக வருகிறது. தவறு எங்கே?

பதில் 1:
கிட்டில் இல்லை, நாளில்தான். ஒட்டுண்ணி உச்சத்தைத் தொடும் முன்பே காமா ஏறி இறங்கிவிடும். டென்ட்ரிடிக் செல்கள் விடும் ஐஎல்-12 என்ற சைகைப் புரதத்தை வாங்கி, நோயெதிர்ப்புச் செல்களில் முதலில் என்கே செல்கள், பிறகு சிடி4 டி செல்கள் காமாவைச் சுரக்கின்றன. அதே சிடி4 செல்களில் பல பின்னால் ஐஎல்-10ஐயும் சுரந்து அழற்சியை அடக்குகின்றன. நீங்கள் பார்த்தது அந்தக் கட்டம்.

4, 5, 6, 7ஆம் நாட்களுக்குத் தனித்தனிக் குழு வையுங்கள். ஒரே எலியிடம் தினமும் எடுக்க வேண்டாம்: 20 கிராம் எலியின் மொத்த ரத்தமே சுமார் 1.5 மில்லி, சோகை வேறு. எடுக்கும் நேரமும் தினம் ஒன்றாக இருக்கட்டும். இந்த ஒட்டுண்ணி 24 மணிக்கு ஒருமுறை கிட்டத்தட்ட ஒரே வேளையில் சிவப்பணுக்களை உடைத்து வெளிவருவதால், காலை மாதிரியும் மாலை மாதிரியும் ஒன்றாகா.

பதில் 2:
அந்த ஒரு எலியின் சீரம் சிவப்பாக இருந்ததா? ஹீமோகுளோபினுக்குப் பெராக்சிடேஸ் (எலைசாவில் நிறம் உண்டாக்கும் என்சைம்) போன்ற செயல் உண்டு. கழுவல் சரியில்லாவிட்டால் டிஎம்பி என்ற நிறப்பொருளை அதுவே நீலமாக்கும். டிடெக்‌ஷன் ஆன்டிபாடி மட்டும் போடாத ஒரு கிணறு (எலைசாத் தட்டின் குழி) வைத்துப் பாருங்கள். அதிலும் நிறம் வந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலே அணுக்கள் உடையும். அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறையவிட்டு, 4 டிகிரியில் 2000 ஜி, 10 நிமிடம் சுழற்றி, 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஆம், வெளிர் சிவப்பு. அந்தக் கிணற்றிலும் நிறம் வந்தது.

பதில் 3:
அப்படியானால் ஆறுமே எதிர்மறைதான். சுரந்த காமா ஏற்பிகளில் ஒட்டிச் சீக்கிரம் ரத்தத்தை விட்டுப் போய்விடுவதால், சீரத்தில் இல்லை என்றால் சுரக்கவே இல்லை என்று ஆகாது. மண்ணீரலைப் பாருங்கள்: 70 மைக்ரான் சல்லடை, சிவப்பணு லைசிஸ் (உடைத்து நீக்குதல்), கடைசி 4 மணி நேரம் பிரெஃபெல்டின் ஏ (காமா வெளியேறாமல் செல்லுக்குள்ளேயே தடுக்கும் மருந்து), பிறகு செல்லுக்குள் சாயம். பிஎம்ஏ, அயனோமைசின் தூண்டல் கொடுத்தால் சிடி4 மேற்பரப்பிலிருந்து குறையும். கேட்டிங் (ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்வகையைப் பிரித்தெடுப்பது) செய்யும்போது மறக்காதீர்கள்.

சீரமே வேண்டுமென்றால், பயோட்டின் ஏற்றிய ஆன்டி-காமா (காமாவைப் பிடிக்கும் ஆன்டிபாடி) 10 மைக்ரோகிராம் எலிக்கு ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்து ரத்தம் எடுங்கள். சுரப்பது அதில் சிக்கிச் சேர்ந்துகொண்டே வரும். தட்டில் பூசும் ஆன்டிபாடி வேறு எபிடோப்பை (காமாவில் ஆன்டிபாடி ஒட்டும் இடம்) பிடிப்பதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதிலும் ஒன்றும் தெரியாது.