நெல்லையிலிருந்து துபாய்: அம்மாவுக்கு எந்த வழி தோது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மா முதல் தடவையாக விமானம் ஏறுகிறாள், அதுவும் தனியாக. மூட்டுவலி வேறு; அரை மணி நேரம் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள்.

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் பாளையங்கோட்டையிலிருந்து பக்கம்தான். ஆனால் சென்னை போய், காத்திருந்து, மாறி ஏற வேண்டும். மேற்கே போகிறவள் வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறாள். திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் என்றால் சுமார் 2,900 கி.மீ., நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் டிக்கெட்டில் குறைவாகத் தெரிகிறது. அம்மா அதைப் பார்த்து விரல்விட்டு எண்ணி, “மெட்ராஸ் பஸ்ஸைவிட சீக்கிரம்லா!” என்றாள். விளக்கிச் சொன்னேன்.

கவலையெல்லாம் சாலைதான். நாகர்கோவில் வழி சுமார் 150 கி.மீ. ஆரல்வாய்மொழி வரை வண்டி ஓடிவிடும், களியக்காவிளைப் பக்கம் ஊர்ந்துதான் போக வேண்டும். ராத்திரி காரில் போனவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது? நடுவில் இறங்கிக் காலை நீட்ட, சுத்தமான கழிப்பறையோடு நல்ல இடம் எது? அப்புறம், சக்கர நாற்காலி கேட்டு வயதானவர்களைத் தனியாக அனுப்பியவர்கள் இருந்தால், உள்ளே கடைசிவரை யாராவது கூட வந்தார்களா என்று அவசியம் சொல்லுங்கள்.